அறுகம்பேக்கு முன்னால் ஒரு பொத்துவில் இருக்கிறது

அறுகம்பேக்குப் போகுமுன் அறிந்திருக்க வேண்டியவை என்ற பொருளில் இதுவரை எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் தலை சுற்றும். ஆங்கிலத்தில் கைநூல்கள், ஜேர்மன் மொழியில் கைநூல்கள், விமானத்தில் இலவசமாகக் கிடைக்கும் வர்ணச் சஞ்சிகைகள், அண்மைக்காலமாகத் தமிழிலும் வாரமலர்களின் நடுப்பக்கங்கள். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. ஏப்ரல் கடைசியிலிருந்து ஒக்டோபர் வரை பருவகாலம். தென்மேல் பருவக்காற்று மேற்கிலும் தெற்கிலும் மழையைக் கொட்டும்போது இங்கே வெயில். கொழும்பிலிருந்து ஏ4 வீதியால் ஏறத்தாழ 320 கிலோமீற்றர். லஹுகலையில் யானைகள் வீதிக்கு வரும், வாகனத்தை விட்டு இறங்க வேண்டாம். எருமைத் தயிர் நல்லது. கடைசியில் பெட்டி கட்டிய ஒரு குறிப்பு: இது முஸ்லிம்கள் வாழும் பிரதேசம், கடற்கரையை விட்டு வெளியே வரும்போது தகுந்த ஆடை அணிந்துகொள்க.

அந்தப் பெட்டிக்கு வெளியே இவ்வூர் மக்கள் அவ்வெழுத்துக்களில் வேறெங்கும் வருவதில்லை. யானைக்குக் கிடைத்த இடங்கூட நமக்குக் கிடைக்கவில்லை. யானை எந்தக் குளத்தில் நிற்கும், எந்த நேரம் வரும், எதனால் கோபப்படும் என்றெல்லாம் விபரமாக எழுதியிருக்கிறார்கள். மனிதரைப் பற்றி ஒரேயொரு விபரம்தான்: இவர்கள் கோபப்படக்கூடும், ஆகவே மூடிக்கொள்ளுங்கள்.

நான் இவ்வூரில் பிறந்து, முப்பது வருடங்களுக்கு மேல் இவ்வூர்ப் பிள்ளைகளுக்கே படிப்பித்தவன். வராதீர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. வருகிறவர்களால் அடுப்பு எரியும் வீடுகள் என் தெருவிலேயே இருக்கின்றன. என் வழக்கு வேறு. ஓர் ஊருக்கு விருந்தாளியாகப் போகிறவர், தாம் பாய் விரிக்கப்போகும் காணி யாருடையதாக இருந்தது, எப்படிக் கைமாறியது என்பதையேனும் கேட்டறிந்துகொண்டு வரவேண்டும். அலையின் உயரத்தையும் அறையின் விலையையும் விசாரித்துக்கொண்டு வருவது ஊரை அறிந்துகொண்டு வருவதாகாது. இதை வெள்ளைக்காரர்களுக்கு மாத்திரம் நான் சொல்லவில்லை. பெருநாள் விடுமுறைக்கு வேன் பிடித்துக்கொண்டு கல்முனையிலிருந்தும் காத்தான்குடியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வருகிற நம்மவர்களுக்கும், வந்துபோன கையோடு கட்டுரை எழுதுகிற நமது எழுத்தாள நண்பர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். பின்னவர்களுக்குச் சற்று அழுத்தியே சொல்லவேண்டியிருக்கிறது.

முதலில் பெயர். பொத்துவில் நகரிலிருந்து தெற்கே மூன்று கிலோமீற்றரளவில் களப்பைக் கடக்கும் பாலம். பாலத்துக்கு அப்பால் உள்ள கிராமம் உல்லை. எங்கள் உம்மாமாரின் வாயில் அது என்றைக்கும் உல்லைதான். அதே பிரதேச செயலகம், அதே பிரதேச சபை, மையித்து அறிவித்தல் கேட்டால் ஓடிப்போகிற அதே சொந்தங்கள். சுற்றுலாப் படங்களிலோ அறுகம்பே கொட்டை எழுத்தில் இருக்கும். பொத்துவில் அங்கே போகும் வழியில் பஸ் மாறுகிற ஓரிடமாகப் பொடி எழுத்தில் கிடக்கும். உல்லையைத் தேடினாலும் பல படங்களில் கிடைக்காது. தாயை வாசலில் நிறுத்திவிட்டுப் பிள்ளையை மட்டும் உள்ளே அழைத்த கதை இது.

அலை உடையும் முனைகளுக்கும் பெயர் வைத்தாயிற்று. விஸ்கி பொயின்ற், பீநட் பாஃம், எலிபன்ற் றொக். ஐந்து நேரமும் பாங்கொலி கேட்கிற ஓர் ஊரின் கரைக்கு விஸ்கியின் பெயர் வந்து சேர்ந்ததில் எனக்குக் கோபத்தைவிடச் சிரிப்புத்தான் அதிகம். 1970களில் இருந்து பலகையோடு வந்தவர்கள் தங்களுக்கு அடையாளம் தெரிவதற்காகச் சொல்லிக்கொண்டது, நிலைத்துவிட்டது. ஆனால் ஒரு தடவை எட்டாம் வகுப்பில் ஊரின் கரையோரத்தைப் படம் கீறிக்கொண்டு வரச் சொன்னேன். ஒரு பையன் அழகாகக் கீறியிருந்தான். பெயர்கள் அத்தனையும் மேலே சொன்னவை. அவனுடைய வாப்பா கரைவலைக்காரர். எந்தப் பாடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்தப் பாட்டில் எந்த மாதம் மீன் படும், எந்தக் கல்லில் வலை சிக்கும் என்று ஒவ்வோர் அடிக்கும் அவரிடம் ஒரு சொல் இருந்தது. மகனிடம் அதில் ஒன்றுமில்லை. கேட்டால், "அதெல்லாம் பழைய பேர் சேர்" என்றான். அந்த மனிதரும் இப்போது இல்லை. அச்சொற்களை எழுதிவைத்தவர் யாரும் நமது எழுத்தாளர்களில் இல்லை. கைநூல்காரன் தனக்குத் தேவையான பெயரை அச்சிட்டான். நமக்குத் தேவையானதை யார் அச்சிடுவது?

இனி அந்த ஆடைப் பெட்டிக்கு வருகிறேன். எனக்கு அதில் எழுதப்பட்டிருப்பதோடு பிணக்கில்லை. விருந்தாளி ஊரின் மரியாதையைக் காக்கவேண்டும் என்பது எங்கும் உள்ளதுதான். என் பிணக்கு, அந்த ஒற்றை வரி வாசகனின் மனதில் எழுப்பும் ஊரைப் பற்றியது. அங்கே பெண்கள் அடைபட்டுக் கிடக்கிறார்கள், ஆண்கள் மதிலோரம் நின்று முறைக்கிறார்கள் என்ற ஓர் ஊர். 2018இல் உள்ளூர்ப் பெண்கள் சேர்ந்து அலைச்சறுக்குக் கழகமொன்றை ஆரம்பித்தபோது வெளியுலகம் அதை அப்படித்தான் கொண்டாடியது. ஏதோ கூண்டிலிருந்து கிளிகள் வெளியே வந்ததைப் போல. நம்மிலும் சிலர் மறுபக்கத்தில் நின்று அதே கூண்டைக் காப்பாற்றப் பயான் செய்தார்கள். இரு தரப்பாருக்கும் இந்தக் கரையில் பெண்ணின் இடம் என்னவென்று தெரிந்திருக்கவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தென்கிழக்குக் கரையில், முஸ்லிம்களிடத்திலும் தமிழர்களிடத்திலும், வீடு பெண்ணுக்கு உரியது. மகள் பிறந்தால் வாப்பா வளவைப் பிரித்துக் கல் அடுக்கத் தொடங்குவார். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு உம்மாவும் வாப்பாவும் பின்வளவில் குடிசை போட்டுக்கொண்டு ஒதுங்கியதையும் நான் பார்த்திருக்கிறேன். வேறிடங்களில் வசைச் சொல்லாகிற 'வீட்டோடு மாப்பிள்ளை' என்பது இங்கே ஊர் முழுவதற்கும் பொருந்தும். அக்கரைப்பற்றில் நீண்ட காலம் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில் இவ்வழக்கத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இதை நான் பொன்னுலகமாகச் சித்திரிக்கவில்லை. மூன்று பெண்பிள்ளைகளின் தகப்பன் வீடு கட்டியே முதுகொடிந்து போவதும், ஒரு சாந்துச் சட்டி குறைந்தாலும் கலியாணம் நின்றுபோவதும் இதே வழக்கத்தின் மறுபக்கம். ஆயினும் காணி உறுதியில் பெயர் பெண்ணுடையது. கணவன் முறைத்தால் "உங்கட உம்மாட ஊட்ட போங்க" என்று சொல்கிற தைரியம் அவளுக்கு அந்த உறுதியால் வந்தது.

ஆகவே, உல்லைக் கடற்கரையில் இன்று விடுதிகள் நிற்கும் துண்டுகள் பலவும் ஒரு காலத்தில் எந்த வீட்டிலோ எந்த மகளுக்கோ என்று குறித்துவைக்கப்பட்டவை. ஒரு விருந்தாளி இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டு வந்தாலே போதும், அவருடைய கண் மாறிவிடும். ஐந்து வருடக் குத்தகை, பத்து வருடக் குத்தகை என்று கைமாறிய காணிகளில், தகப்பனுக்குக் கைநிறையக் காசு கிடைத்தது. மகளுக்கு வீடு கிடைக்கவில்லை. அவள் இப்போது உள்ளே எங்கோ கூலி வீட்டில் இருந்துகொண்டு, தன் வளவில் எழும்பிய விடுதிக்கு விரிப்புத் துவைக்கப் போகிறாள். மிகைப்படுத்துவதாக நினைப்பவர்கள் வந்து கேட்டுப் பார்க்கலாம், காட்டித் தருகிறேன்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதாத வீடு எது? அதற்குப் பிறகு நடந்ததுதான் எழுதப்படாமல் கிடக்கிறது. கடலோரத்தில் மீண்டும் கட்டக்கூடாத எல்லை என்று அரசு ஒன்றை அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். அலை எந்த மாகாணத்தில் எத்தனை மீற்றர் என்று பார்த்து வந்ததாக எனக்குத் தெரியாது. உல்லை போன்ற ஒடுங்கிய ஊரில் 200 மீற்றர் என்றால் என்னவென்று அளவுநாடா பிடித்தவர்களுக்குத் தெரியும். கயிறு கட்டியபோது வீடு போயிற்று, வாடி போயிற்று, கிணறு போயிற்று. அதே வேளையில் சுற்றுலாத் துறைக் கட்டடங்களுக்கு விலக்கு இருந்தது. மீனவன் இருந்தால் ஆபத்து, விருந்தாளி இருந்தால் ஆபத்தில்லை என்றொரு கடல்! அந்த எல்லை பின்னர் தளர்த்தப்பட்டது என்பது உண்மை. அதற்குள் பலர் உள்ளே போய்விட்டார்கள், சிலர் விற்றுவிட்டார்கள்.

இதற்குள் இன்னொன்று சத்தமில்லாமல் நடந்தது. கிழக்குக் கரையில் நிவாரண வீடுகள் வந்தபோது பெரும்பாலும் 'குடும்பத் தலைவர்' என்ற பெயரில் ஆண்களிடம் கையளிக்கப்பட்டன. கடல் கொண்டுபோன வீடு மனைவியுடையது. பதிலாகக் கிடைத்த வீடு கணவனுடையது. நூற்றாண்டுகளாக நம் பெண்களிடமிருந்த ஒரு பலம் படிவமொன்றின் ஒரு கட்டத்தில் கைமாறியது. படிவத்தை அடித்தவருக்கு இந்த ஊர் தெரியாது. அவரும் ஒருவகையில் ஊரை அறியாமல் வந்த பயணிதான்.

கனடா நாட்டு எழுத்தாளர் நவோமி க்ளைன் 2007இல் வெளியிட்ட 'த ஷொக் டொக்ரின்' என்ற நூலில் ஓர் அத்தியாயம் பெரும்பாலும் இந்தக் கரையைப் பற்றியதே. மீனவரை உள்ளே தள்ளிவிட்டுக் கரையை விடுதிகளுக்கு ஒதுக்குகிற திட்டம், அதன் பின்னாலிருந்த உதவிப் பணம், வந்திறங்கிய ஆலோசகர்கள் எல்லாம் அதில் பதிவாகியிருக்கின்றன. அவர் சொன்ன எல்லாவற்றோடும் நான் உடன்படுபவனல்லன். ஊர்க்காரர் சிலர் விரும்பியே விற்றதையும், சம்மாட்டிகளுக்கும் கூலிக்காரருக்கும் நலன் வேறுவேறாக இருந்ததையும் அவர் அவ்வளவாகக் கவனித்ததாக எனக்குப் படவில்லை. ஆனால் வந்தார், கேட்டார், எழுதினார். உலகம் வாசித்தது.

நாம் என்ன செய்தோம்? கவிதை எழுதினோம். கடலைத் திட்டி, கடலிடம் கெஞ்சி, கடலிடம் கேள்வி கேட்டு, 2005இலும் 2006இலும் வந்த தொகுதிகள் என் அலுமாரியின் ஒரு தட்டை நிறைத்திருக்கின்றன. அவற்றில் நல்ல கவிதைகள் இல்லாமலில்லை. அழுதவர்களின் அழுகையை நான் கொச்சைப்படுத்தவும் மாட்டேன். ஆனால் எல்லோரும் கடலையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் முதுகுக்குப் பின்னால் நில அளவையாளர் முளை அடித்துக்கொண்டிருந்தார். அந்த முளையைப் பற்றி ஒரு சிறுகதை காட்டுங்கள். அந்தப் படிவத்தைப் பற்றி ஒரு கட்டுரை காட்டுங்கள்.

கவிதைக்குப் பின் நம்மிடையே அறுகம்பே பற்றி எழுந்தவை இரண்டே வகை. ஒன்று, சீரழிவுப் பிரசங்கம். ஊர் கெட்டுப் போயிற்று, கலாசாரம் போயிற்று, இளைஞர்கள் போய்விட்டார்கள் என்று தலையில் அடித்துக்கொள்வது. அதை எழுதுபவர் அனேகமாக ஒரு இரவு இங்கு தங்கி, கடலைப் பார்த்த அறையில், கொத்து ரொட்டி சாப்பிட்டுவிட்டுப் போனவராக இருப்பார். மற்றது, உல்லாசப் பயணக் கட்டுரை. 'நீலக்கடல் எம்மை வரவேற்றது' என்று தொடங்கி 'பிரிய மனமின்றிப் பிரிந்தோம்' என்று முடிவது. இரண்டிலும் ஊர்க்காரன் ஒருவன் பெயரோடு வாய் திறந்து பேசுவதில்லை. வெள்ளைக்காரனின் கைநூலில் நாம் ஓர் எச்சரிக்கை வாசகம் என்றால், நமது சகோதரர்களின் கட்டுரையில் நாம் ஒரு படிப்பினை. எது மேல் என்று எனக்குத் தெரியவில்லை.

2024 ஒக்டோபர் 23ஆம் திகதி இந்த அறியாமையின் விலை என்னவென்று ஊருக்குத் தெரிந்தது. அறுகம்பேயில் சுற்றுலாப் பயணிகள் கூடும் இடங்களில் தாக்குதல் நடக்கலாம் என்று அமெரிக்கத் தூதரகம் எச்சரித்தது; இஸ்ரேல் தன் பிரஜைகளை உடனே வெளியேறச் சொன்னது. சில மணி நேரத்துக்குள் பொலிஸாரும் படையினரும் நிறைந்துவிட்டார்கள். சிலர் கைதானார்கள். நவம்பரில் தூதரகம் எச்சரிக்கையை விலக்கிக்கொண்டது. இடைப்பட்ட நாட்களில் உலகச் செய்திகளில் ஊரின் பெயர் ஓயாமல் அடிபட்டது. 'முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும்' என்ற அடைமொழி கூடவே வந்தது, அதே பழைய பெட்டிக் குறிப்பு இப்போது வேறு வேலைக்கு. ஆடை பற்றிய எச்சரிக்கை ஆயுதம் பற்றிய எச்சரிக்கையாக மாற ஒரு பகல் போதுமாயிருந்தது. அதற்கிடையில் வேறு எதையும் இந்த ஊரைப் பற்றி யாரும் வாசித்திருக்கவில்லையே!

இவ்விடயத்தில் என் கருத்தை மறைக்க விரும்பவில்லை. காஸாவில் பிள்ளைகளைக் கொன்றுகொண்டிருந்த ஒரு போரிலிருந்து விடுப்பில் வருகிற சிப்பாய்க்கு இளைப்பாற இடமாக என் ஊர் அமைவதை நான் விரும்பவில்லை. விரும்பவில்லை என்று சொல்லும் உரிமை இங்குள்ளவர்களுக்கு உண்டு. அதேவேளை, விருந்தாளியின் மதம் என் பிரச்சினையே அல்ல. யூதர் ஒருவர் இங்கே வந்து தன் இறைவனை வணங்குவதில் எனக்கு என்ன குறை? அனுமதியின்றி வழிபாட்டிடம் இயங்குகிறது என்ற சர்ச்சை எழுந்தபோது நம்மில் சிலர் அதை மதச் சண்டையாகவே பேசினார்கள். பள்ளிவாசலுக்கு என்ன சட்டமோ அதே சட்டம் அதற்கும் என்று கேட்டிருந்தால் போதுமாயிருந்தது. நாளை நமது பள்ளிக்கும் யாராவது 'அனுமதி எங்கே' என்று வரும்போது நாம் நிற்கவேண்டிய தரை அதுதான்.

காணி விடயத்திலும் நாம் ஒற்றைக் கண்ணாற் பார்ப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. நம்முடையது போனால் மட்டும் குரல். உல்லையிலிருந்து தெற்கே போனால் பாணமை. அங்கே 2010 ஜூலையில் சாஸ்திரவெல, ராகம்வெல பகுதிகளில் இருந்த சிங்களக் குடும்பங்கள் ஆயுதம் தாங்கியவர்களால் துரத்தப்பட்டன. காணிகளில் படை முகாம்கள் எழுந்தன. 2015இல் விடுவிப்பதாக அமைச்சரவை தீர்மானித்த பின்னரும் அவர்கள் போராடவேண்டியிருந்தது. வடக்கே போனால் கனகர் கிராமம். 1990இல் வெளியேறிய தமிழ்க் குடும்பங்கள் திரும்பிவரக் கேட்டு 2018இல் வீதியோரம் கொட்டில் போட்டு உட்கார்ந்தார்கள். நடுவே பொத்துவிலில் முகுது மகா விகாரைச் சூழலில் முஸ்லிம் குடும்பங்களின் காணிப் பிரச்சினை. 2020இல் கிழக்கின் தொல்லியல் மரபுகளுக்கென ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ செயலணி ஒன்றை அமைத்தபோது, தமிழரும் முஸ்லிம்களும் மிகப் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கு அமைத்த அக்குழுவில் அவர்களில் ஒருவர்கூட இருக்கவில்லை. ஒரே கரை, மூன்று சமூகம், மூன்று விதமான கயிறு. கைநூலோ இம்மூன்றையும் 'தீண்டப்படாத இயற்கை' என்ற ஒரே அடைமொழியில் அடக்கிவிடுகிறது. தீண்டப்படாமல் இருப்பதற்கு அங்கிருந்தவர்களை அப்புறப்படுத்தவேண்டியிருந்தது என்பதைச் சொல்வதில்லை.

2006 செப்டெம்பரில் குளத்து வேலைக்குப் போன பத்து முஸ்லிம் கூலித் தொழிலாளர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அரசு புலிகளைச் சொன்னது. ஊர் அதிரடிப்படையைச் சந்தேகித்தது. அந்த வீடுகளுக்கு நியாயம் வரவில்லை. 2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டிவரை தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தார்கள். கொரோனாவில் இறந்த நம்மவர்களின் மையித்துகள் எரிக்கப்பட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை. அதற்கு எதிரான குரலும் அந்த நடையில் இருந்தது. அலை பார்க்க வருகிறவருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். அவர் ஏறிச் செல்லும் முச்சக்கரவண்டியை ஓட்டுபவர் அந்தப் பத்துப் பேரில் ஒருவரின் மகனாக இருக்கலாம், அதற்காகத்தான்.

கொழும்பிலுள்ள பயண முகவர் நிறுவனமொன்று சில வருடங்களுக்கு முன் என்னை அணுகியது. தங்கள் வாடிக்கையாளருக்குக் கொடுக்க 'ஊரை அறிந்துகொள்ளுங்கள்' என்று ஒரு பக்க அறிமுகம், உள்ளூர்க்காரர் ஒருவர் எழுதினால் நன்றாயிருக்கும் என்றார்கள். மகிழ்ச்சியோடு எழுதினேன். உல்லை என்ற பெயர், பெண்ணுக்கு வீடு, 200 மீற்றர் கயிறு, கரைவலை, பாதயாத்திரைக் காலத்தில் கதிர்காமம் போகும் முருக பக்தர்கள் பொத்துவிலைக் கடந்து உகந்தைக்குப் போவது எல்லாம் இருந்தன. அச்சாகி வந்த பிரதியில் இரண்டு விடயங்கள் எஞ்சியிருந்தன. எருமைத் தயிரும் ஆடையும். தொலைபேசியில் கேட்டேன். "சேர், கஸ்டமர்மார் ஹொலிடேக்கு வாறாங்க, கவலைப்பட வரல்ல" என்றார் ஒரு தம்பி, மிகுந்த மரியாதையோடு.

இதையே வேறு வார்த்தையில் நம்மவர்களும் சொல்கிறார்கள். "சீசன் காசைக் கெடுத்துப்போடாதீங்க மாஸ்டர்" என்று விடுதி நடத்தும் பழைய மாணவர்கள். நியாயமான பயம். 2019 ஏப்ரலுக்குப் பிறகும், கொரோனாவிலும், 2022 நெருக்கடியிலும் அவர்கள் பட்டது எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்துகொண்டு வருகிற விருந்தாளியால் யாருக்கும் காசு குறைந்ததில்லை. தெரியாமல் வருகிறவர்தான் ஓர் எச்சரிக்கை வந்ததும் அன்றிரவே பெட்டியைக் கட்டுகிறார். ஊரில் நாலு பேரைப் பெயர் சொல்லித் தெரிந்தவர் முதலில் அந்த நாலு பேரிடம் விசாரிப்பார். 2024இல் அப்படி விசாரித்துவிட்டு இருந்தவர்களும் இருந்தார்கள், என் பக்கத்து வீட்டு ராத்தாவிடம் பல வருடமாக வந்து தங்குகிற தம்பதியர் அதில் ஒருவர். அவர்களுக்கு அலைச்சறுக்குத் தெரியாது. ராத்தாவின் மகள்மார் இருவருக்கும் கலியாணம் எப்போது, வீட்டுவேலை எதுவரை வந்திருக்கிறது என்பது தெரியும்.

நமது இலக்கிய நண்பர்களிடம் நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. ஊருக்கு ஒரு பிரதேசச் சொல்லகராதி வேண்டும். கரைவலைப் பாடுகளின் பெயர்களில் தொடங்கலாம், இன்னும் நாலைந்து வயோதிபர்கள் இருக்கிறார்கள். சுனாமிக்கு முன் கரையோரத்தில் எந்த வளவு எந்தப் பெண்ணின் பெயரில் இருந்தது என்று வீடு வீடாகக் கேட்டெழுத வேண்டும். இதற்குப் பெண் எழுத்தாளர்களே பொருத்தம், ஆண்களிடம் அந்தக் கதை முழுதாக வராது. மேற்கண்ட இரண்டையும் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் கொண்டுவர வேண்டும். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில், ஒன்றரை மணி நேரப் பஸ் பயணத்தில் இருக்கிறது. அங்கிருந்து பிள்ளைகளை அனுப்பலாம். ஆய்வரங்குகளில் 'முஸ்லிம் தேசமும் அடையாளமும்' என்று பேசி மாலையில் கடல் பார்க்க இங்கே வருகிற பேராசிரியர்கள், வருகிற வழியில் அரை நாள் பொத்துவிலில் இறங்கலாம்.

வருகிற மற்றவர்களுக்கும் அதையே சொல்கிறேன். மொனராகலைப் பக்கமாக வந்தாலும் அக்கரைப்பற்றுப் பக்கமாக வந்தாலும் பஸ் பொத்துவிலுக்கே முதலில் வரும். நேரே உல்லைக்குப் போகாமல் அங்கே இறங்குங்கள். வெள்ளிக்கிழமையாக இருந்தால் ஜும்ஆ முடியும்வரை பல கடைகள் பூட்டியிருக்கும், பொறுத்திருங்கள். பிறகு தேநீர்க் கடையொன்றில் உட்கார்ந்து, தங்கப்போகும் விடுதியின் பெயரைச் சொல்லி, அது இருக்கும் வளவு முன்னர் யாருடைய வீடு என்று கேளுங்கள். யாராவது ஒரு காக்கா சொல்வார், இன்னொருவர் இல்லை என்று மறுப்பார், ஒரு பிளேன்டீ இரண்டாகும். அங்கிருந்து பாலத்துக்கு முச்சக்கரவண்டி கிடைக்கும். வெயில் தாழ்ந்திருந்தால் நடந்தும் போகலாம்.